பின்பக்க ஸ்பிரிங்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உன் பேரையும் சைமன் பேரையும் அப்பா அம்மா பேரோடு நிறுத்தி வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லலாம் என்றார். எல்லா ஓலைக்கும் சொல்வதுதான், யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. எனக்கு மட்டும் பின்கழுத்து வேர்த்துவிட்டது. கல்யாணத்துக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் உன்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தும் நாலு வருஷமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆள் அந்தக் கோவிலில் நான் ஒருவன்தான். பெண்கள் பக்கம் உன் அம்மா தலையில் முக்காட்டோடு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பேர் வந்தபோதும் அவள் முகத்தில் அசைவில்லை.

அன்று சாயங்காலம் சைமன் வீட்டுக்கு வந்தான். பத்திரிகை விஷயமாகத்தான் வந்தான் என்று நினைத்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அதைப் பார்த்துத்தான் வந்திருப்பான் போலிருக்கிறது. "மாமா, அவ எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டா. 'எந்தம்பி என்னாலதான் செத்தான், அது தெரிஞ்சி கட்டுறதுன்னா கட்டுங்க, இல்லன்னா இப்பவே சொல்லிருங்க'ன்னா. நான் அதப் பெருசா எடுத்துக்கிடல மாமா. நீங்களும் வெசனப்படாதிய" என்றான். நல்ல பிள்ளை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரே ரூமில் ஆறு பேரோடு கிடக்கிறவன், உன் பாரத்தையும் தூக்கிக்கொள்ள வந்திருக்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவன் போன பிறகு டம்ளரைக் கழுவக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். நீ அந்தப் பழியைச் சீதனம் மாதிரி புகுந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறாய். அது உன்னுடையது இல்லை பாப்பா, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் சொல்லத் தைரியம் இல்லை. அந்தப் பொம்மைக் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பொம்மை என்று சொன்னால் உன் தம்பி அருளுக்குக் கோபம் வரும். "பொம்மை இல்லப்பா, ரேஸ் கார்" என்பான். எங்கள் பிளான்டில் டிசைனில் இருந்த இன்ஜினியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, ரிமோட்டோடு அதை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். நீ ஒன்பதாவது, அவன் ஆறாவது. முழங்கை நீளம் இருக்கும். நாலு சக்கரத்துக்கும் நாலு ஷாக் அப்சார்பர், உள்ளே எண்ணெய், மேலே ஸ்பிரிங், எல்லாம் நிஜம். நான் பிளான்டில் நாள் முழுக்க டெஸ்ட் செய்து அனுப்புகிற அதே சாமான் சுண்டுவிரல் அளவில் இருந்தது. பெட்டிக்குள் சின்னச் சின்னக் கவரில் மாற்று ஸ்பிரிங்குகள்: சிவப்பு கெட்டி, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை மெது. உங்களைவிட எனக்குத்தான் அன்று சந்தோஷம். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், நாம் மூன்று பேரும் விற்காமல் கிடந்த அந்த மனைப்பிரிவுக்கு ஓடுவோம். நம்பர் போட்டு நட்டிருந்த கற்கள்தான் நமக்கு வளைவு. நாற்பத்திரண்டாம் மனைக் கல்லைச் சுற்றித் திரும்புவதுதான் கஷ்டம் என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள்.

அந்தக் கல்லைச் சுற்றும்போது கார் வாலை வீசும். பின்சக்கரம் வெளியே ஒதுங்கி, முழுக் காரும் பம்பரமாகச் சுற்றி நிற்கும். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "நீ லேட்டா திருப்புற. கை தடுமாறுது உனக்கு." பின்பக்கம் சிவப்பு ஸ்பிரிங் போட்டிருந்தது நான். கெட்டியாக இருந்தால்தான் வண்டி நிற்கும் என்பது என் பிடிவாதம். வேலையில் பார்த்ததெல்லாம் பாரம் ஏற்றுகிற வண்டிகளின் ஷாக் அப்சார்பர், அந்தப் புத்தி. தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் விழா நடந்து, அதில் ரிமோட் கார் பந்தயமும் வைத்தார்களே, அங்கேயும் சிவப்பைத்தான் மாட்டிக்கொண்டு போனேன். மண் டிராக், மேடு பள்ளம். முதல் இரண்டு சுற்றில் நீ முன்னால் இருந்தாய். மூன்றாவது சுற்றில் வளைவில் பின்பக்கம் துள்ளியது, கார் புரண்டது. அத்தனை பேர் முன்னால் நான் உன்னைத் திட்டினேன். ரிமோட்டை உன் கையிலிருந்து பிடுங்கினேன். நீ அழவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் ரிப்பனில் செம்மண் ஒட்டியிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போது அருள் அந்தக் காரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்பக்கத்தை ஒரு சாண் உயரம் தூக்கிக் கீழே விட்டான். சப்பென்று உட்கார வேண்டிய கார், இரண்டு தரம் குதித்து நின்றது. மறுபடி தூக்கி விட்டான், மறுபடி குதித்தது. அந்தப் பதினோரு வயசுப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா நல்லாத்தான் ஓட்டுச்சுப்பா. பின்னாடி ஸ்பிரிங்தான் டைட்டு. சக்கரம் தரையிலயே நிக்க மாட்டேங்குது" என்றான். ஷாக் அப்சார்பர் டெஸ்ட் பண்ணுகிறவனுக்கு இதை ஆறாம் வகுப்புப் பையன் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் வெள்ளை ஸ்பிரிங் மாட்டினேன், எண்ணெயையும் கொஞ்சம் நீர்த்ததாக மாற்றினேன். நாற்பத்திரண்டாம் கல்லைச் சுற்றி நீ அந்தக் காரை வழுக்கிக்கொண்டு போவது மாதிரி ஓட்டினாய். அருள் கைதட்டினான். நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம், நேற்று திட்டியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாக்கள் அதையெல்லாம் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லப் பழகியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதோ என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஸ்கூட்டர். அருள் டிப்ளமோ சேர்ந்த பிறகு ஆள் மளமளவென்று வளர்ந்துவிட்டான். தினம் காலையில் நீ அவனைப் பின்னால் உட்காரவைத்துப் படப்பை பஸ் ஸ்டாப்புக்குப் போவாய், அவன் காலேஜ் பஸ் பிடிப்பான், நீ உன் கம்பெனி பஸ் பிடிப்பாய். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி அடியில் டொக்கென்று இடிக்கும். எதிர்வீட்டு மார்ட்டின் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, வேலை பாக்கறது ஷாக் அப்சார்பர் கம்பெனி, வூட்டு வண்டி டொக்கு டொக்குன்னு அடிச்சிகினு போவுது" என்று கிண்டல் செய்தான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுதான். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் பின்பக்க யூனிட்டையே மாற்றியிருப்பான், வேலை முடிந்திருக்கும். நான் மெக்கானிக்கிடம் போவதா? புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் கடையில் பெரிய வண்டியின் ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் பிடித்து, அளவுக்கு வாஷர் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் உட்கார்ந்து நானே மாட்டினேன். அருள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். "ரொம்ப டைட்டா இருக்காதாப்பா?" என்று கேட்டான். "ரெண்டு பேரு போறீங்க, தாங்க வேணாமா?" என்றேன். ஸ்பிரிங் கெட்டியானால், அதை அடக்குகிற எண்ணெய்ப் பகுதியும் அதற்கேற்ற பலத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அமுங்கிய ஸ்பிரிங் சக்கரத்தோடு திருப்பி எம்பும். இது எங்கள் லைனில் புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் வாரம் நான் சொல்லிக் கொடுக்கிற பாடம். தெரியாமல் செய்யவில்லை பாப்பா. தெரிந்துதான், இந்த வண்டிக்கு இது போதும் என்று செய்தேன்.

டொக் சத்தம் நின்றுவிட்டது. மார்ட்டினிடம் வண்டியை அழுத்திக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நீ சொன்னாய், "அப்பா, பின்னாடி குதிக்குதுப்பா. வளையறப்போ வால் ஒதுங்கற மாதிரி கீது." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "இருபத்திரெண்டு வருஷமா இதத்தான் பாத்துகினு இருக்கேன். நீ மெதுவா போ, எல்லாம் சரியா இருக்கும்" என்றேன். இரண்டாம் தரமும் சொன்னாய். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். எங்கள் பிளான்டில் ஒரு சாமான் கெட்டுத் திரும்பி வந்தால் காரணம் எழுத ஒரு தாள் உண்டு. மெஷினைக் குறை சொன்னால் மெஷினை நிறுத்த வேண்டும், செட்டிங்கைக் குறை சொன்னால் செட்டிங் செய்த பெரிய ஆள் பதில் சொல்ல வேண்டும். அதனால் பாதி நாள் எல்லோரும் 'ஆப்பரேட்டர் தவறு' என்று எழுதிவிட்டு எழுந்து போவார்கள். நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிப்ளமோ முடித்து, திங்கட்கிழமை அப்ரண்டிஸாகச் சேர இருந்த அருள், சேஃப்டி ஷூ வாங்க உன்னோடு கிளம்பினான். மணிமங்கலம் ஏரிக்கரை வளைவில் டிப்பர் லாரிகள் ஓடி ஓடி ரோடு அலை அலையாக இருந்தது. வண்டி சாய்ந்து நீ இடது பக்கம் விழுந்தாய், அவன் வலது பக்கம், எதிரே வந்த தண்ணி லாரிக்கு அடியில் போய்விட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில் ஒரு கீறல்கூட இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

ஸ்டேஷனில் அந்த லாரி டிரைவர் வெளியே வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் அப்பன் என்று தெரிந்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு மெள்ளதான் சார் வந்துச்சு. நான் பாத்துகினேதான் வந்தேன். பின்னால வீலு ஒரு குதி குதிச்சிது சார், அப்டியே வாரிகினு போயிடுச்சு. வண்டில இன்னாமோ கோளாறு சார், அத பாருங்க" என்றார். உள்ளே போய் இதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டியைப் பரிசோதிக்க அதிகாரி வந்தபோதும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் வேறு வண்டியுடையது என்று நான் சொன்னால் ஒழிய அவருக்கு எப்படித் தெரியும்? "வண்டில ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்கவும் கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அடக்கம் முடிந்து வீட்டில் சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டாள், "அவ வேகமா போனாளாய்யா? எங்கிட்ட மறைக்காத." நீ உள் அறையில் கையில் கட்டோடு படுத்திருந்தாய். லாரிக்காரர் சொன்னது அப்படியே என் வாயில் இருந்தது. நான் சொன்னது, "பசங்க கொஞ்சம் வேகமாத்தான் போவும்." அவ்வளவுதான் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் உன் தலைமாட்டில் நின்று, "நீ மட்டும் எப்பிடிடி நல்லா வந்த?" என்று கேட்டாளே, அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது நான். நீ ஒரு மாசத்தில் துணியைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்டலுக்குப் போனாய். முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்து, சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிறாய். அம்மா உன்னை வெறுக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவளுக்கு உன் மேல் இருக்கிற கோபம் நான் ஊட்டி வளர்த்தது.

அஜாக்கிரதையாக ஓட்டினாய் என்று உன் மேல் போட்ட கேஸில், கோர்ட்டில் நீ கூண்டில் ஏறி "ஒத்துக்கறேன்" என்றாய். வக்கீல் சொல்லிக் கொடுத்ததற்காக நீ அதைச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். அதற்கு முந்தின வாரமே ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதை மாட்டி, வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டேன். கழற்றிய ஸ்பிரிங்கைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஏரியில் வீசலாம் என்று ஒரு தரம் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த வளைவைத் தாண்டித்தான் ஏரிக்கு இறங்க வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். அது பரணில் அந்த ரேஸ் கார் பெட்டிக்குள் இருக்கிறது. வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போடுகிறேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வீட்டில் ஏதாவது ஒன்று சரியாகத் திரும்பாமல் போகும்போது, ஓட்டுகிறவர் கை தடுமாறுகிறது என்று யாராவது முதலில் சொன்னால் அதை அப்படியே நம்பாதே. சொல்கிறவர் பெரும்பாலும் அந்த செட்டிங்கைச் செய்தவராகத்தான் இருப்பார். சைமன் ஒரு நாள் "நீதான் சரியா நடந்துக்கல" என்று சொல்லலாம், நல்லவர்களும் சொல்வார்கள். நீயும் அவனைச் சொல்லலாம். அப்போது சண்டையை நிறுத்திவிட்டு, எது கெட்டியாக இருக்கிறது என்று இரண்டு பேரும் குனிந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. வால் ஒதுங்குகிறது என்று நீ சொல்லி, எதிரில் இருப்பவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை என்றால், தட்டை இழுத்துவிட்டுச் சொல். நீ என்னிடம் அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நான் குறை சொல்லவில்லை. ரிமோட்டைப் பிடுங்கிய கையைப் பார்த்து வளர்ந்தவள் நீ, எப்படிச் செய்வாய்?

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. மன்னிப்பு என்று கேட்டுவிட்டால் பதில் சொல்கிற வேலையும் உன் தலையில்தான் விழும். நேற்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். முடிந்துபோன கேஸ் என்றார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன், என்ன ஆனாலும் பரவாயில்லை என்றேன். ரிடையர் ஆக இன்னும் ஏழு மாசம் இருக்கிறது, யோசித்துச் செய்யுங்கள் என்றார். யோசித்து யோசித்துத்தான் நாலு வருஷம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். கல்யாணத்தன்று உன்னைப் பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போக நான் வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சைமனிடம் சொல்லி அனுப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கேயும் வேண்டாம் என்றால் வெளியே நிற்கிறேன். அது உன் இஷ்டம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டேன். காரில் இன்னும் அந்த வெள்ளை ஸ்பிரிங்தான் இருக்கிறது. தூக்கி விட்டுப் பார்த்தேன், எண்ணெய் வற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பக்கத்தில் துணி சுற்றிய அந்த இன்னொரு ஸ்பிரிங்கை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். உன் அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, லாரிக்காரர் சொன்னதிலிருந்து ஒரு வரி விடாமல் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டப் போகிறேன். வாசித்து முடித்த பிறகுதான் இதை சைமனிடம் கொடுப்பேன், அதற்கு முன்னால் கொடுக்க மாட்டேன். பாதியில் என் குரல் நின்றுவிட்டால் இது மேஜையிலேயே கிடக்கும், நீ இதைப் பார்க்கவே மாட்டாய். அதனால் இது உன் கையில் இருக்கிறது என்றால், பாப்பா, நீ மெதுவாகத்தான் போனாய் என்று அம்மாவுக்குத் தெரியும்.